நாங்களும் சுற்றுலா போனோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் பேசிய உரை. வர முடியாத குழுக்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



கூட்டம்னு சொன்னால் வரவு செலவு, கடன் பாக்கி, அடுத்த மாதப் பயிற்சி என்று பேசிப் பழகிவிட்டோம். இன்று வேறு ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். 2025 பொங்கலுக்கு நம் கூட்டமைப்பில் உள்ள மூன்று குழுக்களில் இருந்து 22 உறுப்பினர்கள் பொள்ளாச்சிக்குப் போய், விடியற்காலையில் வெப்பக்காற்று பலூன் கிளம்புவதைப் பார்த்து வந்தார்கள். அதில் ஒரு அக்கா பலூனில் ஏறிப் பறந்தும் வந்தார். இது உங்களில் பல பேருக்குக் காதில் விழுந்திருக்கும். கூடவே சில பேச்சும் விழுந்திருக்கும். "குழுக் காசை எடுத்து ஊர் சுத்துறாங்க", "மாட்டுப் பொங்கல் அன்னைக்கு வீட்டுல இல்லாத பொம்பளைங்க", "ஒருத்தி பறக்க இருபத்தியோரு பேர் காசு கட்டினாங்களாம்" என்றெல்லாம் பேச்சு. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம். எங்கள் தப்பையும் சேர்த்தே சொல்கிறோம்.

எப்படி ஆரம்பித்தது?

அந்த 22 பேரில் பாதிப் பேர் பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம். ஒகேனக்கலுக்கு லீவு நாளில் எத்தனை கூட்டம் வரும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், பரிசலில் போவார்கள், மீன் வறுவல் சாப்பிடுவார்கள். அந்த மீனைக் கழுவி, மசாலா தடவி, வறுத்துக் கொடுப்பது நம் பெண்கள். மற்றவர்களின் விடுமுறைதான் நமக்கு வேலை நாள். பொங்கல், சித்திரை, ஆடிப்பெருக்கு என்று ஊரே கொண்டாடும் நாளில் நமக்கு நிற்க நேரம் இருக்காது.

2023 பொங்கல் சமயத்தில் ஒரு குழுக் கூட்டத்தில், ஒரு உறுப்பினரின் மகள் செல்போனில் பொள்ளாச்சி பலூன் திருவிழாப் படத்தைக் காட்டினாள். பொள்ளாச்சியில் 2015-ல் தொடங்கியது அந்தத் திருவிழா. வெளிநாடுகளில் இருந்தெல்லாம் பலூன்கள் வரும். 2025-ல் பத்தாவது முறையாக சென்னை, பொள்ளாச்சி, மதுரை என்று மூன்று ஊர்களில் நடந்தது. படத்தைப் பார்த்த ஒரு அக்கா கேட்டார்: "நம்மகிட்ட மீன் சாப்பிட்டுட்டுப் போறவங்க எல்லாம் இந்த மாதிரி எடத்துக்குத்தானே போவாங்க? நாம ஏன் போகக் கூடாது?"

எல்லோரும் சிரித்தோம். நாங்களும் சிரித்தோம். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவர் திரும்பவும் அதையே கேட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தப்பு

முதலில் தடுத்தது நாங்கள்தான். "அந்தக் காசுக்கு ஆளுக்கொரு ஆட்டுக்குட்டி வாங்கலாமே" என்று சொன்னோம். சமூகப் பணி படித்தவர்கள், பத்து வருஷத்துக்கு மேல் இந்தக் களத்தில் இருப்பவர்கள், எங்கள் வாயில் இருந்து வந்தது அந்த வார்த்தைதான். ஏழைப் பெண் கையில் காசு வந்தால் அது ஆடாக வேண்டும், மாடாக வேண்டும், பிள்ளை படிப்பாக வேண்டும். சந்தோஷமாக ஆகக் கூடாது! எங்களை அறியாமலே இப்படி ஒரு எண்ணம் எங்களுக்குள் இருந்திருக்கிறது. நாங்கள் மட்டும் வருஷம் ஒருமுறை குடும்பத்தோடு ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போகாமல் இருக்கிறோமா?

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. சரி, போகலாம் என்று முடிவானதும், பயணக் கடிதத்தில் "பட்டறிவுப் பயணம்" என்று எழுதினோம். அப்படி எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், வீட்டிலும் விடுவார்கள் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கடிதத்தை ஊக்குநர் படித்துப் பார்த்துவிட்டு எங்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பயிற்சின்னு எழுதாதீங்க மேடம். நாங்க ஒண்ணும் கத்துக்கப் போகலை. பார்க்கப் போறோம். சுற்றுலான்னே எழுதுங்க."

எழுதினோம். இந்த மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று பிறகுதான் யோசித்தோம். தமிழ்நாட்டில் அரசு மூலமாக மகளிர் சுய உதவிக் குழு தொடங்கியதே நம் தர்மபுரியில்தான். 1989-ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதைத் தொடங்கியது. அன்று முதல் நம் பெண்கள் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள், வங்கிக்குப் போயிருக்கிறார்கள், மாநாட்டுக்குப் போயிருக்கிறார்கள், கண்காட்சியில் கடை போட்டிருக்கிறார்கள். வீட்டுப்படி தாண்டுவதற்கு எப்போதும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சும்மா போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது, எங்களுக்குத் தெரிந்து இதுதான் முதல் முறை.

காசு எங்கிருந்து வந்தது?

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழுச் சேமிப்பில் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. சுழல் நிதியைத் தொடவில்லை. உள் கடன் யாரும் வாங்கவில்லை. சுற்றுலாவுக்கு என்று தனி நோட்டு போட்டு, அஞ்சலகத்தில் கூட்டுக் கணக்கு தொடங்கி, ஆளுக்கு வாரம் 25 ரூபாய் கட்டினார்கள். மீன் விற்காத வாரம் இருந்தது, நூறு நாள் வேலைக் கூலி தாமதமான மாதம் இருந்தது. அப்போது விட்டதை அடுத்த மாதம் சேர்த்துக் கட்டினார்கள். 100 வாரத்தில் ஆளுக்கு 2,500 ரூபாய், 22 பேருக்கு 55,000 ரூபாய். கூட வந்த நாங்கள் இரண்டு களப்பணியாளர்களும் எங்கள் பங்கை எங்கள் கையில் இருந்தே கொடுத்தோம்.

வேன், டீசல், சுங்கம், சாப்பாடு எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சத் தொகை ஒரே ஒரு ஆள் பறக்கத்தான் போதும். 22 பேரும் பறக்க வேண்டுமென்றால் இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். அப்போது ஒரு அம்மா சொன்னார்: "குலுக்கல் சீட்டு போட்டுடலாம். சீட்டு விழுந்தவ போகட்டும். மத்தவங்க கீழே இருந்து பார்க்கலாம்."

எல்லோர் பெயரும் குலுக்கலில் இல்லை. கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், முட்டி இடுப்பில் கோளாறு உள்ளவர்கள் பலூனில் ஏறக் கூடாது. இறங்கும்போது கூடை தரையில் குலுங்கி இடிக்கும் என்பதால் இந்த விதி. அதன்படி ஒன்பது பேர் விலக, 13 பெயர்களை எழுதி ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டோம். முட்டி வலியால் விலகிய ஒரு அக்கா அன்று அழுதார். "ரெண்டு வருஷம் கட்டினேனே, சீட்டுல பேர் கூட இல்லையே" என்றார். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு?"

சீட்டு விழுந்தது ஒகேனக்கலில் மீன் வறுக்கும் ஒரு அக்காவுக்கு. வயது ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மகன் பரிசல் ஓட்டுகிறார். சேதி தெரிந்ததும் மகன் கோபப்பட்டார். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது? கீழே விழுந்தா யார் பார்க்கிறது?"

மகன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பலூனில் விபத்து நடந்திருக்கிறது. 2013 பிப்ரவரியில் எகிப்து நாட்டில் லக்சர் என்ற ஊரில் ஒரு பலூன் தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்து போனார்கள். அதையும் குழுவில் படித்துக் காட்டினோம். தெரியாமல் தைரியமாக இருப்பதை விட, தெரிந்து முடிவு செய்வது நல்லது இல்லையா? நம் நாட்டில் பலூன் ஓட்டுகிறவருக்கு விமானம் ஓட்டுகிறவர் போலவே உரிமம் வேண்டும், காற்று சரியில்லை என்றால் பறக்க விடமாட்டார்கள் என்பதையும் சொன்னோம். வயதைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்றும் சொன்னோம். 2005 நவம்பர் 26-ம் தேதி விஜய்பத் சிங்கானியா என்ற இந்தியர் மும்பையில் இருந்து வெப்பக்காற்று பலூனில் கிளம்பி, 21 கிலோமீட்டர் உயரம் போய் உலக சாதனை செய்தார். அப்போது அவருக்கு வயது 67.

ஆனால் மகனை மாற்றியது நாங்கள் சொன்ன எதுவும் இல்லை. அக்கா கேட்ட ஒரு கேள்விதான். "நீ தினமும் ஆத்துல பரிசல் ஓட்டுற. இருபது வருஷமா கரையில உக்காந்து மீன் வறுத்துக்கிட்டே உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு நாளாவது போகாதேன்னு சொன்னேனா?"

மகன் பேசவில்லை. கிளம்பும் நாளில் அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

காற்று சொன்னால்தான்

பொங்கல் அன்று ராத்திரி, ஜனவரி 14-ம் தேதி, வீட்டில் பொங்கல் வைத்துப் படைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வேன் ஏறினார்கள். மறுநாள் மாட்டுப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டுவது, கொம்புக்கு வண்ணம் அடிப்பது, பொங்கல் வைப்பது எல்லாம் இந்த முறை ஆண்கள் பொறுப்பு. சேலம், கோயம்புத்தூர் வழியாக விடிகாலை நாலு மணிக்குப் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தோம். நல்ல குளிர். போர்வையைச் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே மைதானத்துக்குப் போனோம்.

எதற்கு அவ்வளவு சீக்கிரம் என்று கேட்கலாம். சூரியன் ஏறி நிலம் சூடானால், சூடான காற்று தரையில் இருந்து மேலே கிளம்பிக் குழப்பம் செய்யும். விடியும்போதுதான் காற்று அடங்கி இருக்கும். குளிர்ந்த காற்றில் பலூனும் சுலபமாகத் தூக்கும். உலகத்தில் எங்கே போனாலும் பலூன் பெரும்பாலும் விடியலில் பறப்பது இதனால்தான்.

அன்று பலூன்காரர்கள் முதலில் ஒரு சின்னப் பலூனை மேலே விட்டு, அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பிறகு எங்களிடம் வந்து, காற்று அதிகமாக இருக்கிறது, இன்றைக்கு ஏற்ற முடியாது, நாளைக் காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. ரெண்டு வருஷக் காசு, ராத்திரி முழுக்கப் பயணம். நாங்கள் கூட "கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொல்லுங்களேன்" என்று கேட்டோம். அப்போது அந்த அக்காதான் எங்களை நிறுத்தினார். "விடுங்க மேடம். ஆத்துல தண்ணி ஏறினா கலெக்டர் பரிசலை நிறுத்திடுவாரு. நம்ம பொழப்பு போகுதேன்னு தண்ணி கேக்குமா? இதுவும் அப்படித்தான். வேண்டாம்னு சொல்றவங்கதான் நல்ல ஓட்டுனரு."

இன்னொரு ராத்திரி

பிரச்சினை பலூன் இல்லை. வீடு. ஒரு ராத்திரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது ரெண்டு ராத்திரி ஆகிறது. குளித்துச் சாப்பிட எடுத்திருந்த சின்ன மண்டபத்தில் உட்கார்ந்து, அங்கேயே ஒரு கூட்டம் போட்டோம். நம் வழக்கப்படி வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் பேசி, நோட்டில் தீர்மானம் எழுதினோம். தங்குவது என்று 20 பேர் சொன்னார்கள். இரண்டு பேர் யோசித்தார்கள். ஒருவருக்கு மாமியார் படுத்த படுக்கை. இன்னொருவருக்கு மறுநாள் காலை சங்கத்துக்குப் பால் ஊற்ற ஆள் இல்லை.

பால் விஷயம் ஒரு போனில் முடிந்தது. பக்கத்து வீட்டு உறுப்பினர் கறந்து ஊற்றுவதாக ஏற்றுக்கொண்டார். மாமியாரை அப்படி விட முடியவில்லை. அந்த அக்கா கண் கலங்காமல்தான் கிளம்பினார். ஆனால் மைதானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எங்களில் ஒருவர் துணைக்குப் போய், பஸ்ஸில் ஊர் சேர்த்தார்.

மற்றவர்கள் போன் எடுத்தார்கள். அந்த அரை மணி நேரத்தை எங்களால் மறக்க முடியாது. 20 பேர் மண்டபத்தின் மூலைக்கொருவராக நின்று பேசினார்கள். சில வீட்டில் உடனே சரி என்றார்கள். சில வீட்டில் சத்தம் வெளியே கேட்டது. ஒரு அம்மா நாற்பது வருஷத்தில் முதல் முறையாக வீட்டுக்காரரிடம் "இருக்கட்டுமா?" என்று கேட்காமல் "இருந்துட்டு வரேன்" என்று சொன்னார். சொல்லிவிட்டு போனை வைத்ததும் கை நடுங்கியதை நாங்கள் பார்த்தோம். பலூனில் ஏறாமலே அவருக்கு அன்று அத்தனை பயம்.

அன்று சாயங்காலம் பலூன்களைக் கயிற்றில் கட்டி நிறுத்தி, நெருப்பை விட்டு விட்டுக் கொளுத்தினார்கள். இருட்டில் ஒவ்வொன்றும் பெரிய கார்த்திகை விளக்கு மாதிரி எரிந்தது. அதற்கே வந்த காசு தீர்ந்தது என்றார்கள்.

பலூன் எப்படிப் பறக்கிறது?

மறுநாள் காணும் பொங்கல். ஐந்து மணிக்கே போய்விட்டோம். அன்று காற்று அடங்கியிருந்தது.

முதலில் பலூன் துணியைத் தரையில் நீளமாக விரித்து, பெரிய மின்விசிறி வைத்து உள்ளே காற்றடிக்கிறார்கள். பாதி உப்பியதும் கூடைக்கு மேலே இருக்கும் அடுப்பைத் திறக்கிறார்கள். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது போன்ற எரிவாயுதான். ஆனால் தீ ஒரு ஆள் உயரத்துக்கு மேல் பாய்கிறது. உள்ளே இருக்கும் காற்று சூடாகி, வெளிக்காற்றை விட லேசாகிறது. லேசானது மேலே போகும். அடுப்புப் புகை மேலே போவது போலத்தான். படுத்திருந்த துணி மெல்ல எழுந்து நிற்கிறது. காற்று சூடாகச் சூடாக மேலே ஏறும், ஆற ஆறக் கீழே இறங்கும். உச்சியில் ஒரு மடல் இருக்கிறது, கயிற்றை இழுத்தால் திறந்து சூடான காற்று வெளியேறும். ஓட்டுனர் கையில் இருப்பது ஏற்றமும் இறக்கமும் மட்டுமே. எந்தப் பக்கம் போவது என்பது காற்றின் கையில். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும் என்பதால், ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய காற்றைத் தேடிப் பிடிப்பதுதான் ஓட்டுனரின் திறமை. பொள்ளாச்சியில் கிளம்பிய பலூன் எல்லை தாண்டிப் பாலக்காடு மாவட்டத்து வயலில் இறங்கியதும் உண்டு.

கூடையைப் பார்த்ததும் அக்கா சிரித்துவிட்டார். "இது பரிசல்தானே!" உண்மைதான், அதுவும் பிரம்பில் பின்னியது. பிரம்பு லேசானது, இடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அதனால்தான் இத்தனை வருஷம் ஆகியும் மாற்றவில்லை.

இந்தப் பலூனைக் கண்டுபிடித்தவர்கள் பிரான்சு நாட்டில் காகிதம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மோங்கோல்ஃபியர் சகோதரர்கள். 1783 செப்டம்பர் 19-ம் தேதி அரசர் முன்னால் முதலில் ஏற்றியது மனிதர்களை இல்லை, ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல்! மூன்றும் உயிரோடு இறங்கின. அதன் பிறகு நவம்பர் 21-ம் தேதி பாரிஸ் நகரத்தில் இரண்டு ஆண்கள் பறந்தார்கள். பெண் எப்போது பறந்தார் தெரியுமா? அடுத்த வருஷமே. 1784 ஜூன் 4-ம் தேதி லியோன் நகரத்தில் எலிசபெத் தீபிள் என்ற பாடகி ஏறினார். பயந்து உட்காராமல் மேலே பாட்டும் பாடினாராம். வேனில் இதைச் சொல்லிக்கொண்டு போனபோது, "நம்ம அக்காவும் கும்மிப் பாட்டு பாடட்டும்" என்று கேலி செய்தார்கள்.

மேலே பார்த்தது

கூடை தரையை விட்டபோது நாங்கள் யாரும் கத்தவில்லை. கத்துவோம் என்றுதான் நினைத்திருந்தோம். அக்கா கையாட்டினார். நாங்கள் கையாட்டினோம். கொஞ்ச நேரத்தில் முகம் தெரியவில்லை, புடவை நிறம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அப்போது எங்களுக்கு இன்னும் சூரியன் வரவில்லை. பலூன் உச்சியில் மட்டும் வெயில் விழுந்து பளபளத்தது. மேலே இருந்த அவருக்கு எங்களுக்கு முன்னாலேயே விடிந்துவிட்டது.

அவர் பார்த்ததை அவர் வார்த்தையிலேயே சொல்கிறோம்:

"மேல போனா காத்து பிச்சுக்கும்னு நெனச்சு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டேன். காத்தே அடிக்கலை. ஓட்டுனர் சொன்னாரு, நாம காத்தோடயே போறோம், அதனால தெரியாதுன்னு. ஆத்து வாட்டத்துல பரிசலை விட்டா தண்ணி ஓடுறது தெரியாது பாருங்க, அப்படி. அடுப்பு எரியும்போது தலையில சூடு. நிறுத்திட்டா ஒரு சத்தம் இல்லை. கீழே நாய் குலைக்கிறது, யாரோ புள்ளையைக் கூப்பிடுறது, எல்லாம் கேக்குது. தென்னந்தோப்பை மேல இருந்து பார்த்தா பச்சைக் குடையா விரிச்சு வெச்ச மாதிரி இருக்குது. ஒரு வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு பெரிய கோலம் போட்டு வெச்சிருந்தா. முழுக் கோலத்தையும் மேல இருந்து பார்த்தேன். நானும் அம்பது வருஷமா கோலம் போடுறேன், குனிஞ்சே போட்டுக் குனிஞ்சே பார்த்திருக்கேன். கோலம் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அப்பதான் கண்ணுல தண்ணி வந்துச்சு. சூரியன் வந்தப்ப வரலை."

பயமாக இல்லையா என்று கேட்டோம். "ஏறும்போது இல்லை. இறங்கும்போது இருந்துச்சு" என்றார்.

இறங்கிய இடம்

பலூன் மேலே போக, அதைத் தூக்கிவரும் வண்டி கீழே பின்தொடர்ந்து போகும். எங்கள் வேனும் அதன் பின்னால் போனது. தோப்புச் சந்தில் வழி தவறி, ஒரு வாய்க்கால் ஓரம் நின்று, மேலே பார்த்துக் கை காட்டி, திரும்பவும் ஓட்டி, கடைசியில் ஒரு தரிசு நிலத்தில் கண்டுபிடித்தோம். முட்டியை மடக்கி, உள்ளே இருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கூடை இரண்டு முறை இடித்து, கொஞ்ச தூரம் இழுபட்டு நின்றதாம். அக்காவுக்கு முழங்கையில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நிலத்துக்காரர் முதலில் கொஞ்சம் கடுகடுத்தார். யாரைக் கேட்டு இறக்கினீர்கள் என்றார். அவர் கேட்டது நியாயம்தான். 1783-ல் பிரான்சில் கோனெஸ் என்ற கிராமத்தில் ஆள் இல்லாத பலூன் ஒன்று வந்து விழுந்தபோது, ஊர்க்காரர்கள் அது ஏதோ பூதம் என்று பயந்து கவைக்கோலால் குத்திக் கிழித்துப் போட்டார்களாம். இவர் அந்த அளவுக்குப் போகவில்லை. ஓட்டுனர் மன்னிப்புக் கேட்டு விளக்கிச் சொன்னதும் சமாதானமாகி, பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார்.

பிறகு ஒரு வேலை கிடைத்தது. பலூன் துணியில் இருந்து காற்றை அமுக்கி வெளியேற்றி, சுருட்டிப் பையில் திணிக்க வேண்டும். "நாங்க செய்யலாமா?" என்று கேட்டோம். சரி என்றார்கள். பெரிய கல்யாணத்துக்கு ஜமக்காளம் மடிக்கிற மாதிரி 20 பெண்கள் வரிசையாக நின்று, அமுக்கி, சுருட்டி, மேலே உட்கார்ந்து திணித்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. குலுக்கலில் பெயர் இல்லை என்று அழுத முட்டி வலி அக்கா, மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து, "நானும் பலூன்ல உக்காந்துட்டேன்" என்றார்.

கணக்கும் ஒரு வேண்டுகோளும்

கூடுதலாக ஒரு ராத்திரி தங்கிய செலவும் சேர்த்து, எல்லாம் போக மிச்சம் 1,340 ரூபாய். பாதியில் திரும்பிய அக்காவின் பஸ் செலவைப் பொதுச் செலவாக எழுதி, மிச்சத்தையும் அவருக்கே கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொரு ரசீதும் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒருத்தி பறக்க இருபத்தியோரு பேர் ஏன் காசு கட்ட வேண்டும் என்ற கேள்வியை அவர்களிடமே கேட்டோம். ஒரு அம்மா சொன்ன பதில் இது: "அவ மேல போனப்ப எங்க கண்ணும் கூடவே போச்சு. நாங்க ஏமாந்துட்டோம்னு உங்ககிட்ட யார் சொன்னா?" எல்லோருக்கும் இந்தப் பதில் போதாமல் இருக்கலாம். முட்டி வலி அக்காவுக்கும், மாமியாருக்காகத் திரும்பிய அக்காவுக்கும் முழுசாக நியாயம் நடந்தது என்று நாங்களும் சொல்ல மாட்டோம். அடுத்த முறை எல்லோரும் ஏறக்கூடிய ஒன்றாகப் பார்க்க வேண்டும், வீட்டில் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அந்த மூன்று குழுவும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறது.

சகோதரிகளே, எல்லோரும் பலூனில் ஏறுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. உங்களுக்குக் கடலாக இருக்கலாம், ரயிலாக இருக்கலாம், மேட்டூர் அணைப் பூங்காவில் ஒரு பகல் உட்கார்ந்து வருவதாகக் கூட இருக்கலாம். போவது என்று முடிவெடுத்தால் மூன்று விஷயம் மட்டும் மனதில் வையுங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். குழுச் சேமிப்பைத் தொடாமல் தனி நோட்டு போடுங்கள். பயிற்சி என்று பொய் சொல்லிப் போகாதீர்கள், சுற்றுலா என்றே சொல்லிப் போங்கள். உழைக்கிற மாட்டுக்கே வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்துப் பொங்கல் வைக்கிறோம். நமக்கு?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைக் கொஞ்சம் பேசிப் பாருங்கள். உங்கள் குழுவில் கடைசியாக யார், எப்போது, வேலை ஏதும் இல்லாமல் வெளியூர் போய் வந்தார்கள்? போக வேண்டும் என்றால் முதலில் தடுப்பது எது? காசா, வீடா, நாமேதானா? நோட்டில் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

மீன் வறுக்கும் அக்கா ஊருக்கு வந்த மறுநாளே அடுப்படிக்குப் போய்விட்டார். போன வாரம் போய்ப் பார்த்தோம். சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பம் மீனுக்காகக் காத்திருந்தது. அந்த வீட்டு அம்மா, "இங்கே வேற என்ன பார்க்கலாம்?" என்று கேட்டார். அக்கா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பரிசல்ல போய்ட்டு வாங்க. அப்புறம் பொள்ளாச்சிக்கும் போங்க. நான் போய்ட்டு வந்தேன்."